மருத்துவ நூலகர் எதற்கு? ஒரு கண்ணாடி விரியன் கேள்வியை வைத்துப் பார்ப்போம்

மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்புப் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியத்துக்குத்தான் நூலகரைத் தேடிப் போகிறார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நேரத்தில், பிறர் எழுத்தைக் காப்பியடிக்கவில்லை என்று காட்டும் பிளேஜியரிசம் ரிப்போர்ட். படிப்பு முடிந்து கிளம்பும்போது 'நோ டியூஸ்' கையெழுத்து. நடுவில் இருக்கும் மூன்று வருடமும் நூலகம் என்றால் ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்துப் பரீட்சைக்குப் படிக்கும் அறை. நூலகர் என்றால் பையை வெளியே வைக்கச் சொல்பவர். அவ்வளவுதான்.

அந்த இரண்டு காரியமும் அவருடைய வேலையின் வால்பகுதி. தலைப்பகுதி, ஆய்வு தொடங்குவதற்கு முன்னாலேயே இருக்கிறது: என்ன கேட்கிறோம் என்பதைத் தெளிவாக்குவது, அந்தக் கேள்விக்கு இதுவரை உலகத்தில் யார் யார் என்ன பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று விடுபடாமல் தேடித் தருவது. தேடல் ஓட்டையாக இருந்தால் அதன் மேல் எழும்பும் ஆய்வும் ஓட்டைதான். இப்படிப் பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. சேலத்துக்குப் பொருந்துகிற ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலில் கேள்வி

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986 முதல் இயங்குகிறது. தனியார் கல்லூரிகளும் உண்டு. எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை. பொது மருத்துவத்தில் எம்.டி. முதல் வருடம் படிக்கும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாழப்பாடி, ஆத்தூர், ஓமலூர் பக்கத்திலிருந்து வயல்வேலை செய்யும்போது பாம்பு கடித்தவர்கள் வார்டுக்கு வருவதைப் பார்க்கிறார். இந்தியாவில் அதிகம் உயிர்வாங்குபவை நான்கு பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றில் கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாமல் போவதோடு சிறுநீரகமும் செயலிழக்கலாம். மாணவி தலைப்பு வைத்துவிட்டார்: 'பாம்புக்கடியில் சிறுநீரகப் பாதிப்பு, ஓர் ஆய்வு.' கூகுளில் தட்டினார், முதல் பக்கத்தில் வந்த ஏழெட்டு பிடிஎஃப்-களை இறக்கிக்கொண்டார்.

இந்த இடத்தில் அவர் நூலகரிடம் போனால் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"எல்லாப் பாம்புமா டாக்டர், இல்ல கண்ணாடி விரியன் மட்டுமா?"

"கண்ணாடி விரியன் மட்டும்தான் சார்."

"பெரியவங்களா, குழந்தைங்களும் உண்டா?"

"பதினெட்டு வயசுக்கு மேல."

"சரி. எத்தனை பேருக்குக் கிட்னி போகுதுன்னு எண்ணப் போறீங்களா, இல்ல யாருக்குப் போகும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கணுமா?"

மாணவி கொஞ்சம் யோசிக்கிறார். "ரெண்டாவதுதான் சார். விஷமுறிவு மருந்து போட லேட்டானவங்களுக்குத்தான் கிட்னி அதிகமா போகுதான்னு பார்க்கணும்."

"லேட்டுன்னா எவ்வளவு நேரம்?"

நூலகர் இதுவரை ஒரு புத்தகத்தையும் எடுக்கவில்லை, கணினியையும் தொடவில்லை. ஆனால் கேள்வி மாறிவிட்டது: கண்ணாடி விரியன் கடித்த பெரியவர்களில், விஷமுறிவு மருந்து தாமதமாகக் கிடைத்தவர்களுக்கு, சீக்கிரம் கிடைத்தவர்களைவிடச் சிறுநீரகப் பாதிப்பு அதிகமா? நோயாளி யார், அவருக்கு என்ன நடந்தது, எதோடு ஒப்பிடுகிறோம், என்ன விளைவைப் பார்க்கிறோம் என்று நான்கு கூறாகப் பிரிக்கும் இந்த முறைக்குப் 'பிகோ' என்று பெயர். பாடத்தில் எல்லோரும் படிப்பதுதான். தன் சொந்தக் கேள்வி என்று வரும்போது மட்டும் யாருக்கும் அது ஞாபகம் வருவதில்லை. எதிரே ஒருவர் உட்கார்ந்து விடாமல் கேட்டால்தான் வருகிறது.

பிறகு பெயர்கள்

அடுத்தது தேடல். இங்கேதான் அனுபவம் இல்லாதவர்கள் சறுக்குகிறார்கள்.

இன்றைய கட்டுரைகளில் கண்ணாடி விரியனின் அறிவியல் பெயர் டபோயா ரசெல்லி. பழைய கட்டுரைகளில் வைப்பெரா ரசெல்லி. சிலர் ரசல்ஸ் வைப்பர் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். சிறுநீரகப் பக்கமும் இதே கதை. இன்று அக்யூட் கிட்னி இஞ்சுரி என்கிறோம். 2000-களின் நடுப்பகுதி வரை அது அக்யூட் ரீனல் ஃபெயிலியர். விஷமுறிவு மருந்தோ ஆன்டிவெனம், ஆன்டிவெனின், ஆன்டி ஸ்னேக் வெனம் என்று ஆளுக்கொரு பெயரில் வரும். இன்றைய பெயர்களை மட்டும் தட்டினால் 1980-களிலும் 90-களிலும் வந்த இந்திய, இலங்கை, பர்மிய ஆய்வுகளில் பல கையைவிட்டுப் போகும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இலவச இணையத் தரவுத்தளமான பப்மெட் தானாகவே சில மாற்றுப் பெயர்களைச் சேர்த்துத் தேடும் என்பது உண்மைதான். எதைச் சேர்த்தது, எதை விட்டது என்று திறந்து பார்ப்பவர்கள் குறைவு. நூலகர் பார்ப்பார்.

இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு ஒரு பழைய தீர்வு உண்டு. மாங்காய் மண்டியில் ஒருவர் கிளிமூக்கு என்று கொண்டுவருவார், இன்னொருவர் பெங்களூரா என்பார், வடக்கே அனுப்பும் வியாபாரி தோத்தாபுரி என்பார். மூன்றும் ஒரே மாங்காய். கணக்குப்பிள்ளை பேரேட்டில் ஒரே பெயரில்தான் எழுதுவார். இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1960-இல் மருத்துவக் கட்டுரைகளுக்கு இப்படி ஒரு பேரேட்டுப் பெயர்ப் பட்டியலைக் கொண்டுவந்தது. அதன் சுருக்கப் பெயர் 'மெஷ்'. எழுதியவர் எந்தப் பெயரைப் பயன்படுத்தியிருந்தாலும், கட்டுரையின் உள்ளடக்கத்தைப் பார்த்து இந்தப் பட்டியலில் உள்ள தலைப்புகளை அதற்கு ஒட்டிவிடுவார்கள். முன்பு இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். 2022-க்குப் பிறகு பெரும்பாலும் கணினி ஒட்டுகிறது, ஆட்கள் சரிபார்க்கிறார்கள்.

அப்படியானால் மெஷ் தலைப்பை மட்டும் வைத்துத் தேடினால் போதுமே என்று தோன்றும். போதாது. பப்மெட்டில் இருக்கும் எல்லாக் கட்டுரைகளுக்கும் மெஷ் தலைப்பு கிடையாது. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இதழ்களுக்குத்தான் உண்டு. ஆகவே ஒவ்வொரு கூறுக்கும் மெஷ் தலைப்பையும் சாதாரணப் பெயர்களையும் 'ஆர்' (ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டுச் சேர்த்து, பிறகு கூறுகளை ஒன்றோடொன்று 'ஆண்ட்' (எல்லாமே இருக்க வேண்டும்) போட்டு இணைக்க வேண்டும். சொல்ல எளிது. நல்ல தேடல் வரி ஒன்று சில சமயம் அரைப்பக்கம் நீளும். அதை எழுதிப் பார்த்து, வரவேண்டிய முக்கியமான கட்டுரைகள் வருகின்றனவா என்று சோதித்து, வராவிட்டால் எந்தச் சொல் குறைகிறது என்று கண்டுபிடித்துத் திருத்துவது நூலகரின் கைத்தொழில். பாதி நாள் போய்விடும்.

பப்மெட்டோடும் இது முடிவதில்லை. அதில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தாலும், இந்தியாவில் வெளியாகும் பல மருத்துவ இதழ்கள் அதில் இல்லை. பாம்புக்கடி போன்ற விஷயத்தில் இது பெரிய குறை, ஏனென்றால் பாம்பு கடிப்பது இங்கே. எம்பேஸ், ஸ்கோபஸ், உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியத் தொகுப்பு என்று வேறு இடங்களிலும் பார்க்க வேண்டும். இன்னொரு புதையலை நம் மாணவர்களில் பலர் கவனிப்பதே இல்லை: சென்னையில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியம். அதன் கீழ் வரும் கல்லூரிகளின் எம்.டி., எம்.எஸ். ஆய்வேடுகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. நாம் எடுத்த தலைப்பை ஏற்கெனவே நம் துறையிலேயே ஒருவர் செய்திருக்கலாம். அதை, ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி முன்னால் உட்காரும்போது தெரிந்துகொள்வதைவிட முன்னாலேயே தெரிந்துகொள்வது மரியாதை.

தேடல் ஓட்டையானால் என்ன ஆகும்

ஆய்வேட்டில் நாலு கட்டுரை குறைந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு, 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வு. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சுவழி கொடுத்து, சுவாசக் குழாய் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார்கள். அதில் கலந்துகொண்ட, எந்த நோயும் இல்லாத 24 வயதுப் பெண்ணின் நுரையீரல் பழுதாகி, ஒரு மாதத்துக்குள் அவர் இறந்துபோனார்.

ஹெக்ஸாமெத்தோனியம் புது மருந்தல்ல. 1950-களில் இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மருந்து. அது நுரையீரலைக் கெடுக்கக்கூடும் என்ற குறிப்புகள் அந்தக் காலத்துக் கட்டுரைகளிலேயே இருந்தன. ஆய்வாளர் தேடாமல் இல்லை. பப்மெட்டில் தேடினார், பாடநூலைப் பார்த்தார். ஆனால் அன்றைய பப்மெட் 1966 வரைதான் பின்னோக்கிப் போகும். அதற்கு முந்தையவை அச்சுத் தொகுதிகளில் இருந்தன. 1879-இல் ஜான் ஷா பில்லிங்ஸ் தொடங்கிய இண்டெக்ஸ் மெடிகஸ் மாதிரியான தடித்தடிப் புத்தகங்கள் அவை. அலமாரியிலிருந்து இறக்கிப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். மரணத்துக்குப் பிறகு அந்தப் பழைய கட்டுரைகளை மற்றவர்கள் தேடிக் கண்டெடுத்தார்கள். அந்த நிறுவனத்தில் அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகள் அத்தனையும் சில நாள் நிறுத்தி வைக்கப்பட்டன.

மருத்துவ நூலகர்கள் மத்தியில் இந்தச் சம்பவம் இன்றும் பேசப்படுகிறது. காரணம் வெளிப்படை. ஒரு தரவுத்தளம் எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது, அதற்கு முந்தையது எங்கே கிடக்கிறது என்பது ஆய்வாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். நூலகருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. இப்போது பப்மெட் 1940-களின் நடுப்பகுதி வரை பின்னே போகிறது. அதனால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், எல்லை நகர்ந்திருக்கிறது, அவ்வளவே.

இதன் பெரிய வடிவம்தான் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ எனப்படும் முறைசார் மதிப்பாய்வு. ஒரு கேள்விக்கு வந்த எல்லா ஆய்வுகளையும் திரட்டி, தரம் பார்த்து, ஒட்டுமொத்த முடிவு சொல்வது. இங்கே தேடல்தான் ஆய்வின் செய்முறையே. எந்தத் தரவுத்தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களை இட்டுத் தேடினோம் என்று முழுவதும் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொருவர் அதைத் திரும்பச் செய்து பார்க்க முடிய வேண்டும். 1993-இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு, இந்த வேலையைத் தெரிந்த ஒரு தகவல் நிபுணரைக் குழுவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. வெளிநாடுகளில் இப்படிப் பணியாற்றும் நூலகர் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராக வருவது சாதாரணம். இங்கே நன்றியுரையில் கடைசி வரியில் பெயர் வந்தாலே பெரிய விஷயம். தேடல் முழுவதையும் வடிவமைத்தவர் ஆசிரியராக இல்லாமல், கட்டுரையைப் படித்தே பார்க்காத மூத்தவர் ஆசிரியராக இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கிடைக்காத கட்டுரை, இல்லாத கட்டுரை

தேடலில் பெயர் கிடைத்துவிடும்; உள்ளே போனால் பணம் கேட்கும். இதில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகள் இல்லை. அதற்கு முன்பே, மருத்துவ இதழ்களை இணையத்தில் பல நிறுவனங்களுக்குத் தரும் தில்லி தேசிய மருத்துவ நூலகத்தின் 'எர்மெட்' கூட்டமைப்பு இருந்தது. இப்படிப்பட்ட வழிகள் இருப்பதே தெரியாமல் கட்டுரைக்கு நாற்பது டாலர் கட்டலாமா என்று யோசிப்பவர்களை என்ன சொல்வது? எந்த இதழ் எந்தக் கதவு வழியாக வரும் என்று நூலகர் அரை நிமிடத்தில் சொல்வார். வராவிட்டால் வேறு கல்லூரி நூலகத்தில் கேட்டு வாங்கித் தருவார், அல்லது எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பச் சொல்வார். பெரும்பாலான ஆசிரியர்கள் சந்தோஷமாக அனுப்பிவிடுகிறார்கள்.

புதுத் தலைவலி ஒன்று வந்திருக்கிறது. சாட்ஜிபிடி மாதிரியான கருவிகளிடம் ஆதாரம் கேட்டால், தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு, பக்க எண் எல்லாம் அச்சு அசலாகத் தரும். சில சமயம் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. மாணவர் அந்தச் சீட்டைக் கொண்டுவந்து "இது மட்டும் கிடைக்கல சார்" என்பார். சோதிப்பது எளிது. பப்மெட் எண்ணையோ டிஓஐ எனப்படும் கட்டுரையின் அடையாள எண்ணையோ இட்டுப் பார்த்தால் வேறொரு கட்டுரை வரும், அல்லது ஒன்றுமே வராது. அந்த இதழின் அந்த ஆண்டுத் தொகுதியைத் திறந்து பக்கத்தைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். இருக்கிற கட்டுரையிலும் ஒன்று பார்க்க வேண்டும்: அது பின்னால் திரும்பப் பெறப்பட்டதா? 2020 மே மாதம் கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து கொடுப்பது பற்றி லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை, அதன் தரவை யாராலும் சரிபார்க்க முடியாததால் இரண்டே வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. அதையே ஆதாரமாகக் காட்டும் கட்டுரைகள் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன.

பணம் வாங்கிக்கொண்டு எதையும் பிரசுரிக்கும் போலி இதழ்களைப் பற்றியும் இதே மேசையில்தான் கேட்க வேண்டும். மூன்று நாளில் ஏற்றுக்கொள்கிறோம் என்று மின்னஞ்சல் வந்தால் பதில் எழுதும் முன் நூலகரிடம் காட்டுங்கள்.

மலை மேல் ஒரு மருத்துவர்

ஆராய்ச்சி, படிப்பு இரண்டையும் விட்டுவிட்டு நேரடியாக நோயாளி பக்கம் வருவோம். 1971-இல் அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி வளாகத்தில் கெர்ட்ரூட் லேம்ப் என்பவர் ஒரு முயற்சியைத் தொடங்கினார்: நூலகர்கள் மருத்துவர்களோடு வார்டு ரவுண்ட்ஸ் போவார்கள். அங்கே எழும் சந்தேகங்களைக் குறித்துக்கொண்டு, கட்டுரைகளைத் தேடிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கிளினிகல் லைப்ரரியன் என்ற பணி அங்கிருந்து பரவியது.

நம் பக்கம் இது எப்படி இருக்கும்? சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. அதையும் தாண்டி நாகலூர் பக்கத்துக் காப்பித் தோட்டத்திலிருந்து ஒருவர் ஒரு வாரக் காய்ச்சலோடு வருகிறார். இடுப்பில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கரும்புண். ஸ்க்ரப் டைஃபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல் என்று மருத்துவர் சந்தேகிக்கிறார். டாக்ஸிசைக்ளினா, அஸித்ரோமைசினா, இரண்டுமா? கீழே கல்லூரி நூலகருக்கு ஒரு போன் போட வழி இருந்தால், அவர் 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வை எடுத்து அனுப்புவார். வேலூர் சி.எம்.சி. முன்னின்று இந்தியாவில் ஏழு இடங்களில், சுமார் 800 பேரிடம் நடத்தியது. தனித்தனியாகக் கொடுப்பதைவிட இரண்டையும் சேர்த்து நரம்பு வழி கொடுத்தது நல்ல பலன் தந்தது என்பது அதன் முடிவு.

இங்கே நூலகர் ஒரு எல்லையில் நிற்பார். எந்த மருந்து கொடுக்கலாம் என்று அவர் சொல்லமாட்டார். அது அவர் வேலையல்ல. ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 15 வயதுக்கு மேற்பட்ட, உறுப்புகள் பாதிக்கப்பட்ட கடுமையான நோயாளிகள் என்ற வரியைச் சுட்டிக்காட்டுவார். எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த வகையா, லேசான காய்ச்சல்காரரா என்று தீர்மானிப்பது மருத்துவர். ஆராய்ச்சிக் கட்டுரையைத் தலைப்பை மட்டும் படித்துவிட்டு வார்டில் பயன்படுத்துவதால் வரும் தவறுகளுக்கு இந்த ஒரு வரி பெரிய தடுப்பு.

இப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் நம் ஊரில் வழக்கத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல கல்லூரிகளில் நூலகரின் நாள் புத்தகம் வாங்குவது, பதிவேட்டில் ஏற்றுவது, இருப்புச் சரிபார்ப்பது, இன்ஸ்பெக்ஷனுக்குக் கணக்குக் காட்டுவது என்றே கழிகிறது. தேடல் தெரிந்தவரை அப்படி உட்கார வைத்திருப்பது வீண். 1931-இலேயே சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. டியூட்டி முடித்து இரவு பத்து மணிக்கு ரிவ்யூ ஆஃப் லிட்ரேச்சர் எழுத உட்காரும் ஜூனியர் டாக்டரைவிட அந்த விதி அதிகம் பொருந்தும் வாசகர் யாரும் கிடையாது.

போகும்போது என்ன கொண்டுபோவது

புரோட்டோகால் எனப்படும் ஆய்வுத் திட்டத்தை எழுதுவதற்கு முன் போங்கள். எழுதி முடித்து எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுத்த பிறகு போனால் நூலகரால் ரெஃபரன்ஸ் வடிவத்தைத்தான் திருத்த முடியும். கையில் கேள்வி ஒரு வரியில் இருக்கட்டும். தெளிவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தெளிவாக்குவதற்குத்தான் போகிறீர்கள். உங்கள் தலைப்புக்கு மிகவும் பொருத்தம் என்று நீங்கள் நினைக்கும் இரண்டு மூன்று கட்டுரைகளையும் எடுத்துப் போங்கள். அவற்றுக்கு என்ன மெஷ் தலைப்புகள் ஒட்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்துத்தான் அவர் தேடலைத் தொடங்குவார்.

முடிவுகளை சோட்டெரோ மாதிரி இலவச மென்பொருளில் சேமிக்கக் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள். பிறகு ரெஃபரன்ஸ் வரிசை எண் மாறிவிட்டது என்று விடிய விடிய உட்கார வேண்டியிருக்காது. தேடல் வரியைத் தேதியோடு அப்படியே ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டில் அதைச் சேர்க்கலாம், தேர்வாளர் கேட்டால் காட்டலாம். பப்மெட்டில் இலவசமாக ஒரு கணக்குத் தொடங்கி அந்தத் தேடலைச் சேமித்தால், உங்கள் கேள்விக்குப் பொருந்தும் புதுக் கட்டுரை வரும்போதெல்லாம் மின்னஞ்சலில் தகவல் வரும். வாரம் ஒருமுறையா, மாதம் ஒருமுறையா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.